கோட்டுக்குக் கால் அங்குலம் வெளியே

மருத்துவமனையின் பணியாளர் பதிவேட்டில் அவளைப் பற்றி மூன்று வரி இருக்கிறது. ‘தையல் பணியாளர், நிலை மூன்று. தரப்படும் வரைமாதிரியை எவ்வித மாற்றமும் இன்றிப் பின்பற்றுபவர். சொந்தமாக முடிவெடுக்கத் தேவையில்லாத பணி.’ இதை எழுதியவர் அவளைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இரண்டாவது வரியிலேயே பேனாவை மூடிவைத்திருப்பார்.

இருபத்தொரு வருடம் அவள் துணியறையில் தைத்தாள். ஒரு வரைமாதிரியைக்கூட வந்தது வந்தபடி விட்டதில்லை. மேலிடத்தில் மாதிரி வரைகிறவர்கள், மனிதனுக்குத் தோள் என்று ஒன்று உண்டு என்பதைக் கேள்விப்படாதவர்கள். நோயாளிச் சட்டையின் முடிச்சை அவர்கள் நடு முதுகில் வைத்திருந்தார்கள். கை ஒடிந்தவன் அதை எப்படிக் கட்டுவான் என்று யோசித்து, அவள் அதை விலாப்பக்கம் கொண்டுவந்தாள். யாரையும் கேட்கவில்லை. குழந்தைகள் வார்டுக்குப் போகும் சட்டைக்கு, மாதிரியில் இல்லாத ஒரு பையை வைத்தாள். ஏன் என்று கேட்ட கண்காணிப்பாளரிடம், “பையில்லாத சட்டையை எந்தப் பிள்ளை சார் போட்டுக்கும்?” என்றாள். அதோடு அந்த விசாரணை முடிந்தது. மருத்துவமனை முழுக்க அவளுக்குத் ‘தையலக்கா’ என்று பெயர். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அந்தப் பட்டம் மட்டும்தான் சரியாக இருந்தது.

அந்த வருடக் கடைசியோடு துணியறையை மூடுவதென்று முடிவாயிற்று. தையலை வெளியே கொடுத்துவிடுவார்களாம். நிலை மூன்றில் இருப்பவர்கள் எல்லாம் அடித்தளத்துச் சலவைக்கூடத்துக்கு, மடிப்பு மேசைக்கு. அவள் ஒருநாள் இறங்கிப்போய் அந்த மேசையைப் பார்த்துவிட்டு வந்தாள். எட்டுப் பெண்கள், எதிரெதிரே, ஒரு விரிப்புக்கு நான்கு மூலை, மடி, திருப்பு, அடுக்கு. அதில் ஒரு மனுஷி முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் பொய்யாகவே இருந்த பதிவேடு கடைசியில் உண்மையாகிவிடப் போகிறது.

நடைவழியின் கோடியில் செயற்கைக் கால் பட்டறை இருந்தது. அங்கே ஓர் உதவியாளர் இடம் காலி. காலுக்குள் ஒட்டும் தோலை வெட்டுவது, பட்டை பொருத்துவது, தொடையில் உறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்து இழைப்பது. அவளையும் சேர்த்து மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். பட்டறைத் தலைவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். அவர் காதில் விழாமல் சொல்வது ஒன்றுதான் அவருக்குச் செய்யப்பட்ட மரியாதை. அவருக்கு நேர்முகத் தேர்வில் நம்பிக்கை கிடையாது. வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் ரிமோட்டில் இயங்கும் ராக்கெட் கிளைடர் பறக்கவிடுவது அவருடைய ஒரே கெட்ட பழக்கம். அதையே பரீட்சையாக்கிவிட்டார்.

மேசைமேல் மூன்று தட்டையான அட்டைப்பெட்டிகள் இருந்தன.

“உள்ள ஒரு கிளைடருக்கான பாகமெல்லாம் இருக்கு. பால்சா மரம், ஊதினா பறந்துடும். கட்டி முடிச்சா ராக்கெட் மாதிரி செங்குத்தா மேல போகும். வெடிமருந்து தீர்ந்ததும் பருந்து மாதிரி மெதுவா இறங்கும். இறக்க வேண்டியது நீங்க, ரிமோட்டுல. பத்து வாரம் டைம்.”

“சார், இங்க வேலை கால் செய்யறதுதானே?” என்றான் சமையற்கூடத்திலிருந்து வந்திருந்த ஒருவன்.

“கால்தான். ஒரு காலு ரெண்டு மில்லிமீட்டர் கூடப்போச்சுன்னா அந்த ஆளுக்கு இடுப்பு போயிடும். போச்சுன்னு அவர் வந்து சொல்ல ஒரு வருஷம் ஆகும். இது அஞ்சு செகண்டுல சொல்லிடும்.”

நிபந்தனைகள் மூன்று. ராக்கெட் மோட்டாரைச் சேர்க்காமல் எடை இருநூற்று அறுபது கிராமைத் தாண்டக்கூடாது. வரைபடத்தின்மேல் வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகக்கூடாது. ஒரே ஒரு தடவைதான் ஏவலாம், வேலிக்குள்ளே இறக்க வேண்டும். பத்தாவது வார ஞாயிறு பரீட்சை, மறுநாள் திங்கட்கிழமை படிவம் அலுவலகத்துக்குப் போய்விடும்.

மூவரில் ஒருவர் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். சமையற்கூடத்துக்காரன் இரண்டு விரலையும் ஒரு கரண்டியையும் பசையால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனான். அது அடுத்த கட்டடம்தான் என்பது ஒன்றே ஆறுதல். மிஞ்சியது தையலக்கா.

வீட்டுக் கூடத்தில், இஸ்திரி போடும் மேசைமேல் அவள் பெட்டியைத் திறந்தாள். திறந்ததும் பயம் போய்விட்டது. ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. பெரிய தாளில் முழு அளவில் வரைபடம், மெல்லிய மரத்தகடுகளில் அச்சடித்த கோடுகள், குண்டூசியால் தாளோடு குத்தி ஒட்டச் சொல்லும் குறிப்பு, இறக்கைக்குமேல் இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்ட ஆரஞ்சு நிற மெல்லிய பிளாஸ்டிக் உறை. கத்தரி, குண்டூசி, அடிகோல், இஸ்திரிப்பெட்டி, அத்தனையும் அவள் ஆயுதங்கள். தெரியாதது சிகரெட் பெட்டியில் பாதிகூட இல்லாத இரண்டு சின்ன மோட்டார்கள் மட்டும். ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டு இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்களை மேலும் கீழும் அசைப்பவை அவை. அதைக் கணவன் பார்த்துக்கொள்வான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

“இதுவும் மேல போய்க் கீழ வர்றதுதானே,” என்றான் அவன். “நம்ம தொழில்தான்.”

“உங்க லிஃப்ட் பாதி நாள் நடுவுலயே நிக்குது,” என்றாள் அவள்.

தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். ஞாயிறுதோறும் மைதானத்தில், மில்லிமீட்டரின் பழைய தெர்மாகோல் விமானத்தில் பறக்கவிடும் பயிற்சி. விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடதாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் தடுமாறித் தரையில் குத்துவார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. சட்டையை உள்வெளியாகத் திருப்பிப்போட்டுத் தைக்கிறவளுக்கு வலது எப்போதும் இடதுதான். மில்லிமீட்டர் அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனதாகக் கணவன் சொல்கிறான். அவள் மறுக்கிறாள்.

எட்டாவது வாரம் எல்லாம் முடிந்து, இஸ்திரிப்பெட்டியால் உறையும் ஒட்டியாயிற்று. ஆரஞ்சு நிறத்தில், முழங்கையிலிருந்து முழங்கை வரை அகலத்தில், மேசைமேல் அது படுத்திருந்த அழகைப் பார்க்க மாடிவீட்டிலிருந்து நாத்தனார் இறங்கிவந்தாள். மறுநாள் தையலக்கா அதை ஒரு தலையணை உறைக்குள் போட்டு எடுத்துப்போய், மருந்தகத்துத் தராசில் வைத்தாள்.

இருநூற்று எழுபத்தாறு.

தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தாள். தலையணை உறையை எடுத்துவிட்டு வைத்தாள். மருந்தாளுநர், “அக்கா, தராசு பொய் சொல்லாது, நேத்துதான் சரி பண்ணாங்க,” என்றார். ஆறுதலாகச் சொன்னதாக அவர் நினைப்பு.

“பசை ஜாஸ்தியா போயிருக்கும்,” என்றான் கணவன், சாயங்காலம்.

“பதினாறு கிராம் பசையா? அதுல இந்த வீட்டையே ஒட்டலாம்.”

எங்கே இழைத்துக் குறைக்கலாம் என்று பார்க்க அவள் கிளைடரை வரைபடத்தின்மேல் வைத்தாள். வரைபடத்துக் கோட்டைக் காணோம். இறக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. முன்விளிம்பில் கால் அங்குலம். பின்விளிம்பில் கால் அங்குலம். நுனியில், வாலில் நிமிர்ந்து நிற்கும் துடுப்பில், அதன் அடியில், எல்லா இடத்திலும் சுற்றிச் சுற்றிக் கால் அங்குலம். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

இருபத்தொரு வருடப் பழக்கம். துணியில் கோட்டின்மேல் வெட்டுகிறவள் தையற்காரி இல்லை. தையலுக்கென்று கால் அங்குலம் வெளியே விட்டு வெட்டுவாள். அது கை செய்யும் வேலை, தலை அதில் தலையிடுவதில்லை. பால்சாவையும் கை அப்படியே வெட்டியிருக்கிறது. எல்லாத் துண்டும் ஒரே அளவில் தப்பாக இருந்ததால் ஒன்றோடொன்று பொருந்தவும் பொருந்தின. எல்லாப் பொய்யும் ஒரே அளவாக இருந்தால் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொள்ளும்.

விஷயம் தெரிந்து நாத்தனார் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரித்து.

“ஏன் அண்ணி, நாளைக்கு ராக்கெட் குண்டாயிட்டா பிரிச்சு விடலாம்னு உள்ள விட்டு வெட்டினீங்களா?”

“உன் ஜாக்கெட்டெல்லாம் அப்படி விட்டதாலதான் இன்னும் உனக்குப் போட முடியுது,” என்றாள் அவள். நாத்தனாரின் சிரிப்பு அடங்கியது. ஆனால் அவளுக்கே சிரிப்பு வரவில்லை. வேறு மரம் கிடையாது. பெட்டியில் இருந்தது அவ்வளவுதான். இன்னும் பதின்மூன்று நாள்.

“அவர்கிட்டச் சொல்லி இன்னொரு பெட்டி கேளு,” என்றான் கணவன்.

“கோட்டுல வெட்டத் தெரியலன்னு நானே போய்ச் சொல்லணுமா?”

“அப்ப என்ன பண்ணப்போற?”

“என்ன பண்ணுவாங்க? ஆல்டரேஷன்தான்.”

முடித்த பொருளைப் பிரிப்பதில் உள்ள பயம், புதிதாகச் செய்வதில் கிடையாது. புதிதில் தப்பு நடந்தால் துண்டுதான் போகும். இதில் எட்டு வாரம் போகும். உறையை உரித்தாள். முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இரும்பு அடிகோலை வைத்து, பிளேடால் ஒரே இடத்தில் பத்துத் தடவை மெல்ல மெல்லக் கீறி எடுத்தாள். மடல்களைக் கழற்றி மறுபடி பூட்டினாள். நாளுக்கு ஒரு விளிம்பு. வெட்டும்போது கூடத்தில் யாரும் நடக்கக்கூடாது என்று உத்தரவு; கணவன் சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் போக வேண்டுமென்றால் வாசல்வழியே இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனான். லிஃப்டில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறபோதுகூட இவ்வளவு கவனமாக இருந்ததில்லை என்று புலம்பினான்.

கடைசியில் மிஞ்சியது இறக்கை உடலோடு சேருகிற இடம். அங்கேயும் இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம். இறக்கையைப் பிரித்தெடுத்து, வெட்டி, மறுபடி ஒட்டியாக வேண்டும். இடது இறக்கை ஒழுங்காக வந்துவிட்டது. அதுதான் வினை. வலதுக்கு வரும்போது கைக்குத் தைரியம் வந்துவிட்டது, தலை மறுபடி ஒதுங்கிக்கொண்டது. துணியைப் பிரிக்கிறவர்கள் எல்லாத் தையலையும் வெட்டுவதில்லை. நாலைந்தை வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் மீதி தானாக வந்துவிடும். வலது இறக்கையின் பசையை முக்கால்வாசி அறுத்துவிட்டு, அவள் இரண்டு பக்கமும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

‘மடக்’ என்றது.

சத்தம் சின்னதுதான். சமையலறையில் இருந்த கணவன், உத்தரவை மறந்து கூடத்துக்குள் ஓடிவந்தான். இறக்கை கையோடு வந்திருந்தது. உடலிலிருந்து இரண்டு விரல் தள்ளி, குறுக்கே சாய்வாக, பாதி அகலத்துக்கு ஒரு விரிசல். வளைத்தால் வாய் திறந்து மூடியது.

அவள் இறக்கையை மேசைமேல் வைத்தாள்.

“ஒட்டு,” என்றான் அவன். “சரியா ஒட்டினா ஒட்டின இடம் மரத்தைவிடப் பலமா இருக்கும். நான் சொல்றேன்ல.”

அவள் ஒட்டினாள். விரிசலைத் திறந்து, உள்ளே மெல்லிய பசையை ஓடவிட்டு, மூடி, அதன்மேல் பாரம் வைத்து ஒரு பகல் முழுக்க விட்டாள். உப்புத்தாளால் தேய்த்தாள். உறையை ஒட்டினாள். ஆரஞ்சுக்கு அடியில் ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினாலும் தெரியவில்லை. எங்கே இருந்தது என்று தெரிந்த விரலுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்? மருந்தகத்துத் தராசில் இருநூற்று ஐம்பத்தெட்டு. வரைபடத்துக் கோடு நான்கு பக்கமும் மயிரிழையாகத் தெரிந்தது.

“முடிஞ்சுது. இனிமே அதைப் பத்திப் பேசாத,” என்றான் கணவன்.

அவள் கிளைடரைத் தலையணை உறைக்குள் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் காற்று இல்லை. அந்த மைதானத்துக்கு மேலே உள்ள வானம் ஒன்பது மணியிலிருந்து பத்து வரைதான் இவர்களுக்கு. அதற்குமேல் பயிற்சி விமானங்கள் தாழ்வாக வரும். அதற்கும் தொலைபேசியில் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். மில்லிமீட்டர் வாங்கிவைத்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தை அவரே அளந்து தின்றார். எடை பார்த்தார். வரைபடத்தின்மேல் வைத்து நான்கு பக்கமும் குனிந்து பார்த்தார். இறக்கையின் அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கி, எடை நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். ரிமோட்டை அசைக்கச் சொல்லி மடல்கள் எந்தப் பக்கம் அசைகின்றன என்று பார்த்தார். இறக்கையின் மேலும் கீழும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். அந்த விரல் வலது இறக்கையின் அடியில், உடலிலிருந்து இரண்டு விரல் தள்ளி உள்ள இடத்தைத் தாண்டியபோது, நாத்தனார் பிளாஸ்கைத் திறந்து அண்ணனுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் டம்ளரை நேராகப் பிடிக்கவில்லை. டீ பாதி அவன் செருப்பில் போயிற்று.

“சுத்தம்,” என்றார் மில்லிமீட்டர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று பட்டறையில் சொல்வார்கள்.

விரல் தடிமனில் மருந்தடைத்த அட்டைக்குழாய்தான் ராக்கெட் மோட்டார். அதைச் செருகி, மின்திரியைப் பொருத்தி, கிளைடரைச் செங்குத்தான கம்பியில் ஏற்றிவிட்டு, எல்லோரும் பத்து மீட்டர் பின்னால் வந்தார்கள். திரியிலிருந்து வரும் ஒயர் ஒரு சின்னப் பெட்டியில் முடிகிறது. பெட்டியில் ஒரு சாவி. சாவியைத் திருப்பிப் பொத்தானை அமுக்கினால் திரி எரியும். ரிமோட் அவள் கழுத்தில் பட்டையில் தொங்கியது. சாவி அவள் கையில். ஏவுகிறவர் கையில்தான் சாவி இருக்க வேண்டும் என்பது விதி. கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது.

“அஞ்சு,” என்றார் மில்லிமீட்டர்.

அவள் சாவியைப் பெட்டியில் நுழைத்தாள்.

“நாலு.”

அது அங்கே நிற்பதைப் பார்த்தாள். மருந்து எரியும் ஐந்து நொடியில் அது மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரைத் தாண்டும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். ஒரு இறக்கை கழன்றால் மற்றது அதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் என்றால், பிளாஸ்கோடு நிற்கிற நாத்தனார் பக்கமும்தான்.

“மூணு.”

சாவியைத் திருப்பவில்லை. வெளியே எடுத்தாள்.

“நிறுத்துங்க சார்.”

மில்லிமீட்டர் இரண்டு என்று சொல்ல எடுத்த வாயை மூடவில்லை. “என்ன?”

“வலது எறக்கையில விரிசல் இருக்கு. ஒட்டி மூடியிருக்கேன்.”

“நான் பார்த்தேனே. இல்லையே.”

“உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

கணவன் ஆகாயத்தைப் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

“தெரிஞ்சேதான் கொண்டு வந்தீங்களா?” மில்லிமீட்டர் குரல் உயரவில்லை. அது உயராமல் இருப்பதுதான் பயமாக இருந்தது.

“தெரிஞ்சேதான். சுத்திக் கால் அங்குலம் விட்டு வெட்டிட்டேன், தையலுக்கு விடற மாதிரி. அப்புறம் பிரிச்சேன். பிரிக்கும்போது விட்டுது.”

“கால் அங்குலம்? எல்லா இடத்துலயும் ஒரே அளவா?”

“ஒரே அளவாத்தான்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “எல்லா இடத்துலயும் ஒரே அளவுன்னா அதைக் கைப்பிசகுன்னு சொல்ல முடியாது,” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “ஒன்பது நிமிஷம் இருக்கு. பத்தைத் தாண்டினா இன்னைக்கு இல்ல. நாளைக்குப் படிவம் போயாகணும். தாங்குமா, தாங்காதா?”

“தாங்கும்னு நெனக்கிறேன்.”

“நெனச்சு?”

“அதான் சார் நிறுத்தினேன்.”

இந்த இடத்தில் அவளுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, அவர் என்ன சொல்கிறார் என்று காத்திருப்பது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ரிமோட்டை அணைத்துக் கணவன் கழுத்தில் மாட்டிவிட்டு, கம்பியிடம் போய்விட்டாள். திரியைப் பிடுங்கினாள், மோட்டாரை உருவினாள், கிளைடரை இறக்கிக்கொண்டு வந்தாள்.

“அந்த ரெண்டு நாற்காலியையும் எதிரெதிரா போடுங்க. ஏய், உன் பையில எத்தனை தண்ணி பாட்டில் இருக்கு?”

“நாலு இருக்கு அண்ணி. அரை லிட்டர் பாட்டில்.” நாத்தனார் முதல் தடவையாகக் கிண்டல் செய்யவில்லை.

கணவனுக்குப் புரிந்துவிட்டது. ஆளை ஏற்றுவதற்கு முன் லிஃப்டில் மணல் மூட்டை ஏற்றிப் பார்ப்பவன் அவன். மடக்கு நாற்காலிகளை ஓடிப்போய் எடுத்துவந்தான். இறக்கையின் ஒரு நுனி ஒரு நாற்காலியில், மறு நுனி இன்னொன்றில். நடுவில், உடலுக்கு அடியில், துணிப்பையைத் தொங்கவிட்டாள். மேலே போகும்போது காற்று இறக்கையை எப்படி வளைக்குமோ அப்படியே இது வளைக்கும்.

“வைக்காத,” என்றான் கணவன் தாழ்ந்த குரலில். “நல்லா இருக்கறதை நீயே உடைச்சுடுவ.”

“உடையறதா இருந்தா இங்கயே உடையட்டும்.”

முதல் பாட்டில். இறக்கை அசையவில்லை. இரண்டாவது பாட்டில். லேசாகக் குழிந்தது. நடுவில் உறை சுருங்கி ஒரு மடிப்பு விழுந்தது. விரிசல் இருந்த இடத்தில் இல்லை, அதற்குக் கொஞ்சம் தள்ளி.

“போதும்,” என்றார் மில்லிமீட்டர். “ரெண்டு போதும். அஞ்சு நிமிஷம்தான் இருக்கு.”

“இன்னும் ரெண்டு இருக்கு சார்.”

மூன்றாவதை வைத்தபோது மரம் முனகியது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். தையலக்கா மூடவில்லை, குனிந்து, காதை இறக்கைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள், மிஷினில் ஊசி சரியாக இறங்குகிறதா என்று கேட்பதுபோல. நான்காவது பாட்டிலைப் பைக்குள் இறக்கினாள். கையை எடுத்தாள். இறக்கை வில்லாக வளைந்து நின்றது. மனசுக்குள் பத்து வரை எண்ணினாள். உடையவில்லை. பையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது.

கணவன் வாயைத் திறந்தான். “நான் சொன்னேன்னு இப்பச் சொல்லாதீங்க,” என்றாள் அவள். அவன் மூடிக்கொண்டான்.

மறுபடி மோட்டார், திரி, கம்பி. திரி முதல் தடவையில் பொருந்தவில்லை. மில்லிமீட்டர் பார்த்தார், உதவிக்கு வரவில்லை, வந்தால் பரீட்சை செல்லாது. ரிமோட்டை வாங்கி மாட்டி, உயிரூட்டி, இரண்டு மடலையும் ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். ஒன்பது ஐம்பத்தேழுக்குச் சாவி திரும்பியது. அவர் இந்தத் தடவை வேகமாக எண்ணினார்.

சீறல் கேட்கும்போதே கம்பி காலியாகியிருந்தது. புகைக்கு மேலே ஓர் ஆரஞ்சுக் கோடு, உடனே இடப்பக்கம் உருளத் தொடங்கிற்று. வலது இறக்கையை ஒரு சிட்டிகை அதிகமாகத் தேய்த்திருந்தாள் போலும். கட்டைவிரல் தானாக எதிர்ப்பக்கம் தள்ளியது. உருளல் நின்றது, மறுபடி தொடங்கியது, மறுபடி தள்ளினாள். ஐந்து நொடி என்பது அவ்வளவு நீளம் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மருந்து தீர்ந்தது. சத்தம் நின்றது. புள்ளியாகிவிட்ட கிளைடர் ஒரு கணம் மேலே தயங்கி, மூக்கைக் கவிழ்த்து, நேராகக் கீழே பாய்ந்தது.

“எழுப்புங்க!” என்றார் மில்லிமீட்டர். விதிப்படி அவர் அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

அவள் ஏற்கெனவே எழுப்பிக்கொண்டிருந்தாள், மொத்தமாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக, வளைவில் துணியைத் திருப்புவதுபோல. இறக்கைக்கு இதைவிடப் பெரிய பாரம் இனி வராது. மூக்கு நிமிர்ந்தது. இறக்கை வளைந்தது, தரையிலிருந்தே தெரிந்தது. நின்றது. பிறகு அது அவசரமே இல்லாத ஒரு பறவையாக மாறி, மைதானத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டது. இரண்டாவது வட்டத்தில் வேலியை நோக்கிப் போயிற்று, திருப்பினாள், அவர்களை நோக்கி வந்தது, வலது இடதாயிற்று, அவளுக்கு அது எப்போதும்போலத்தான் இருந்தது. ஒன்பது ஐம்பத்தெட்டரைக்கு, வேலிக்கு உள்ளே இரண்டு மீட்டரில், புல்லில் மூக்கைச் சொருகி நின்றது. மூக்கில் ஒரு சில்லு போயிருந்தது. இறக்கைகள் இரண்டும் இருந்தன.

நாத்தனார்தான் முதலில் ஓடினாள். “அண்ணி, நாலு பாட்டில் தாங்கினது இதுதானா? என்னையும் தாங்கும் போல இருக்கே!” என்று தூரத்திலிருந்தே கத்தினாள். கணவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

மில்லிமீட்டர் காரின் முகப்பில் படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்தார். எடை, அளவு, பறந்த நேரம், இறங்கிய இடம் எல்லாம் எழுதினார். ‘தேர்வர் பணியை இடையில் நிறுத்தினாரா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியை அச்சடித்தவர்கள் அதை ஒரு குறையாக நினைத்துத்தான் அச்சடித்திருப்பார்கள்.

“நிறுத்தினீங்க,” என்றார்.

“ஆமா சார்.”

“யாரு சொல்லி?”

“யாரும் சொல்லல.”

அவர் எழுதினார். மையை ஊதி உலர்த்தினார். “நாளைக்கு எட்டு மணிக்குப் பட்டறைக்கு வந்துடுங்க. அந்தக் கால் அங்குலப் பழக்கத்தை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வாங்க,” என்றார். பாராட்டு என்பது அவருக்கு அவ்வளவு நீளம்தான்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் எழுதியது ஒரே வரி. அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ‘மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, யாருக்கும் தெரியாத விரிசலுக்காக, சாவியைத் திருப்பாமல் வெளியே எடுத்தார்.’